வீட்டு நடை

என் வீட்டுக்காரர் மிளகாய்க் காட்டிலிருந்து திரும்பும்போது தெருமுனை வேம்படியில் பைக் ஹாரனை ஒரு தரம் நீளமாக அடிப்பார். குறுக்கே ஆள் இருக்காது, ஆடு மாடு இருக்காது, இருந்தாலும் அடிப்பார். மழையில் அடிப்பார். பக்கத்தில் எழவு விழுந்து பந்தல் போட்டிருந்த அன்றைக்குக்கூட அடித்து, நாலு பேரிடம் ஏச்சு வாங்கினார். கல்யாணமான புதிதில் அது சைக்கிள் மணியாக இருந்தது, பிறகு பழைய மொபெட்டின் பீப்பி, இப்போது பைக். "வாரது கலெக்டரு, ஊருக்கே தெரியணும்ல" என்று நான் கேலி பேசாத நாள் கிடையாது. துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சோறு கேட்பார்.

எனக்கு இடது கால் சூம்பின கால். குழந்தையில் காய்ச்சல் வந்து படுத்தேனாம், நான் எழுந்தபோது அந்தக் கால் என்னோடு எழுந்திருக்கவில்லையாம். எண்ணெய் போட்டு உருவி, மணலில் புதைத்து நிற்கவைத்து, எப்படியோ நடக்கவைத்துவிட்டார்கள். மற்றக் காலைவிடக் கொஞ்சம் கட்டை. பலமும் கிடையாது. இடது கையை முட்டிக்கு மேலே தொடையில் அழுத்திக்கொண்டால்தான் முட்டி மடங்காமல் நிற்கும். குனிந்து, தொடையில் கை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போவதுதான் என்னுடைய சொந்த நடை.

அம்மா எனக்கு இன்னொரு நடை சொல்லிக்கொடுத்தாள். அது பெண் பார்க்க வருகிறவர்களுக்கான நடை. சேலையைத் தரை தொடக் கட்டிக்கொண்டு, உள்ளே இடது காலை நுனிவிரலில் ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். கையில் காபித் தட்டு இருக்கும், தொடையைப் பிடிக்க முடியாது. அதனால் முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொள்ள வேண்டும். தட்டில் தண்ணீர் டம்ளர்களை வைத்து அடுப்படியிலிருந்து வாசல்வரை நடக்கவிடுவாள். தளும்பினால் மறுபடி முதலிலிருந்து. பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் வாங்கினால் பஸ் பாஸ் கிடைக்கும் என்று சொன்னபோது அம்மா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஊனம்னு எழுதி வாங்கிப்புட்டா அப்பறம் எவன் கட்டுவான்?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த வழி அது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், நான் நடந்தேன், காபி தளும்பவில்லை, கல்யாணம் முடிந்தது. விஷயம் தெரிந்ததும் மாமியார் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வேலையில் நான் சளைக்கவில்லை என்று பார்த்ததும் விட்டுவிட்டார். இவர் மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூடக் காலைப் பற்றிப் பேச்சு எடுத்ததில்லை. கால் கட்டை என்பதற்குமேல் ஆம்பளைக்கு என்ன தெரியும், சோற்றைத் தவிர எதைக் கவனிக்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். அவர் முன்னால் நான் எப்போதும் அந்தக் காபித் தட்டு நடையிலேயே நடந்தேன். ஹாரன் சத்தம் கேட்டதும் தொடையிலிருந்து கையை எடுத்து, நிமிர்ந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொள்வேன். அதற்குள் வண்டி வாசலுக்கு வந்துவிடும்.

சொந்த நடையில் நான் தாராளமாக நடந்த இடம் பால்வாடிதான். எங்கள் ஊர் அங்கன்வாடியில் நான் டீச்சர். பிள்ளைகளிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு நாள் ஒரு குட்டி, டீச்சர் விளையாட்டு விளையாடியது. தலையில் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையைத் தொடையில் ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து நடந்து, "ஏலே, கைய கழுவிட்டு உக்காருங்கலே" என்றது. மற்றதெல்லாம் கைகழுவப் போயின. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீச்சர் என்றால் அப்படித்தான் நடப்பார்கள் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. எங்களில் சிலரை இடம் மாற்றினார்கள். எனக்கு விழுந்தது பெரியபட்டினம் தாண்டி ஒரு கடலோரக் குடியிருப்பு. உத்தரகோசமங்கைப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து பஸ் மாறிப் போக வேண்டும். எங்கள் பக்கத்துப் பஸ்களின் முதல் படி என் இடுப்புக்கு எமன். அதோடு இடுப்பு எலும்பும் வலிக்கத் தொடங்கியிருந்தது. தினம் ஏறி இறங்கினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். எனக்கோ உட்காரவே தெரியாது. சும்மா இருக்கிற நாளில் துவைத்த துணியையே மறுபடி துவைக்கிற ஆள் நான்.

சூப்பர்வைசரம்மா போனில், "நாப்பது சதவீதத்துக்கு மேல பாதிப்புன்னு சான்று இருந்தா இங்கனயே வைக்கச் சொல்லி எழுதலாம் டீச்சர்" என்றார். எந்தக் காகிதத்திலிருந்து அம்மா என்னை இழுத்துக்கொண்டு வந்தாளோ, அதைத் தேடி நானே போக வேண்டியதாயிற்று.

ராமநாதபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மாற்றுத்திறனாளிகளுக்கு மதிப்பீடு. நான் விடியுமுன்னே தலைக்குக் குளித்து, பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டி, பூவும் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பூ என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு வேறு எப்படிப் போவது என்று எனக்குத் தெரியாது. கூட வந்த என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் பையில் ஆதாரையும் எக்ஸ்ரேயையும் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான், மிளகாய் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், குழாயடிக்குப் போனேன், தண்ணீர் குடிக்காமலே திரும்பினேன். சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீசை முழுவதும் படித்துவிட்டு மறுபடி படித்தேன். டோக்கனை உள்ளங்கையில் வைத்துச் சுருட்டியதில் நம்பரே அழிந்துவிட்டது. "எத்தன தடவ எந்திரிப்ப, உக்காரு புள்ள" என்றார். "நீங்க உக்காருங்க, ஒங்களுக்கென்ன" என்று சீறினேன். அவரோடு சண்டை போடுவதில் கொஞ்ச நேரம் போயிற்று.

அதைவிடப் பெரிய இம்சை, அங்கே இருந்தவர்களைப் பார்ப்பது. வளர்ந்த மகனை மடியில் சாய்த்து எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. சங்கு எடுக்க முங்கிப் போய், மேலே வந்தபோது இரண்டு காலும் விழுந்துவிட்ட ஒரு கடற்கரை ஆள். அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே என் காலைப் பார்த்தார், பிறகு என் பூவைப் பார்த்தார். அந்த வராந்தாவில் எல்லோருமே எல்லோரையும் அளந்துகொண்டுதான் இருந்தோம். எனக்கு என் காலே பொய் மாதிரி ஆகிவிட்டது. எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று வந்தது. அப்போது கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னைப் படுக்கச் சொல்லி, இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால்வரை டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார். "என் கையை எதிர்த்துத் தள்ளுங்கம்மா" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டிலின் விளிம்பைப் பிடித்து, உயிரைக் கொடுத்துத் தள்ளினேன்.

"படி ஏறுவீங்களா?"

"ஏறுவேன்."

"தரையில உட்கார்ந்து எழுந்திரிப்பீங்களா?"

"அதெல்லாம் எந்திரிப்பேன். பால்வாடியில பிள்ளைக கூடத் தரையிலதான்."

"வீட்டு வேலை, தண்ணி எடுக்கிறது?"

"எல்லாம் நானேதான். எங்க மாமியாரே கொற சொன்னதில்ல."

சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, நான் குழி தோண்டிக்கொண்டிருக்கிறேன் என்று. ஆனாலும் முடியுமா என்று ஒருவர் கேட்டால் முடியாது என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை. முடியாதவள் என்ற பேர் வந்துவிடக் கூடாது என்றே வளர்ந்த வாய் அது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாமே செய்றீங்கன்னா எதுக்கும்மா வந்தீங்க?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சரி, சுவர்வரை நடந்துட்டு வாங்க."

நடந்தேன். இந்தப் பாழாய்ப்போன உடம்பு என்ன செய்தது தெரியுமா? கட்டிலை விட்டு இறங்கியதும் சேலையை இழுத்துவிட்டது. இடது கால் தானாக நுனிவிரலில் ஏறியது. முட்டி பூட்டிக்கொண்டது. கையில் தட்டு இல்லாத குறைதான், அவ்வளவு லட்சணமாக நடந்தேன். சுவரைத் தொட்டுத் திரும்பியபோது இடுப்பில் நெருப்பு வைத்த மாதிரி வலித்தது, முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை. சாய்ந்து நடடி, கையை ஊன்றடி என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உடம்பு கேட்கவில்லை. ஆள் பார்க்கும்போது அதற்கு அந்த ஒரு நடைதான் தெரியும்.

"குட்டை இருக்கு, பலம் கொஞ்சம் கம்மி. ஆனா நடை ரொம்ப மோசமில்லையே" என்றார் டாக்டர். "நான் பார்க்கிறதைத்தாம்மா எழுத முடியும். நாற்பது வராது."

அப்போது கதவோரம் பையும் கையுமாக நின்ற இவர் தொண்டையைச் செருமினார்.

"டாக்டரம்மா, அது வீட்டுல நடக்கிற நடை இது இல்ல."

டாக்டர் அவரைப் பார்த்தார். இதுவரை எத்தனை புருஷன்மார் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பாரோ. "நீங்க சொல்றதை வச்சு எழுத முடியாதுங்க" என்றார்.

இவர் டாக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, கணக்கு ஒப்பிக்கிற பையன் மாதிரிச் சொன்னார். "ஏ புள்ள, நான் ஆரன் அடிக்கிறதுக்கு முந்தி நீ நடப்பேல்ல, அப்பிடி நட."

எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் புரிய நேரம் பிடித்தது. "ஆரனா? எதுக்கு அடிப்பீங்க?" என்று டாக்டர்தான் கேட்டார்.

"நான் சொல்லாம கொள்ளாம உள்ள போனா, பதறிப்போயிக் கைய எடுத்துரும். ஒரு தடவ அப்பிடி எடுத்து விழுந்துருச்சு. அதான் தெருமுக்குலயே அடிச்சுட்டுப் போறது. அதுக்குள்ள சரி பண்ணிக்கிரும்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் என் சொந்த நடை இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. சைக்கிள் மணி காலத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. நான் யாருக்காக விரல்நுனியில் நின்று இடுப்பைத் தேய்த்தேன்? அந்தக் கோபத்திலேயே கையைத் தொடையில் ஊன்றினேன். குனிந்தேன். சாய்ந்து சாய்ந்து சுவர்வரை போனேன், திரும்பி வந்தேன். அவர் கண் முன்னால் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அம்மணமாக நடந்த மாதிரி வெட்கமாக இருந்தது. வலி மட்டும் இல்லை.

டாக்டர் மறுபடி என்னைப் படுக்கவைத்தார். "இப்ப என் கையைத் தள்ளுங்க. கட்டிலைப் பிடிக்காம. முடிஞ்ச அளவுக்கு மட்டும்" என்றார். முடிந்த அளவு கொஞ்சம்தான் இருந்தது. அவர் எழுதத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். கண்மாய்க் கரை வந்ததும் அவர் முதுகில் ஒரு குத்து விட்டேன்.

"தெரிஞ்சா சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

"நீ மறைக்கிற. நான் எப்பிடிக் கேக்குறது?"

"எப்பத்துல இருந்து தெரியும்?"

காற்றில் பாதி போயிற்று, ஆனாலும் கேட்டது. "பொண்ணு பாக்க வந்தப்பவே. காபி குடுத்துட்டு உள்ள போம்போது கதவு நிலையப் பிடிச்சேல்ல."

தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது எல்லோரும் காபியைத்தான் பார்ப்பார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். அடுப்படி வாசலைத் தாண்ட நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஒரு ஆள் காபியைப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு, அவர் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், சரி என்று சொல்லியிருக்கிறார். அதற்குமேல் எனக்குச் சண்டை போட ஒன்றும் அகப்படவில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

முடிவு வரும்வரை நான் பட்ட பாடு பெரும்பாடு. போன் சிணுங்கினால் ஓடினேன். அடுப்பில் பால் பொங்கிக் கொட்டியது. கடைசியில் நாற்பதைத் தாண்டித்தான் வந்தது. சூப்பர்வைசரம்மாவிடம் நகல் கொடுத்தேன், எங்கள் ஊர்ப் பால்வாடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அன்று இரண்டு மிட்டாய்.

ஆனால் வீட்டில் ஒன்று மாறிப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாளிலிருந்து அவர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். இனி எதற்கு என்று நினைத்திருப்பார். அந்த நேரம் வந்தால் எனக்குக் காது வேம்படியிலேயே கிடந்தது. எந்த வேலையும் ஓடவில்லை.

சான்று வந்த அன்றைக்குச் சாயங்காலம், கொல்லையிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்து, மறுகையைத் தொடையில் ஊன்றி வந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் வண்டியோடு நிற்கிறார். எனக்குக் கை தானாகத் தொடையை விட்டுவிட்டது. குடம் ஆடித் தண்ணீர் சேலையில் கொட்டியது.

அவர் என் கையைப் பார்த்தார். வண்டிப் பக்கம் திரும்பி, நின்ற இடத்திலேயே ஹாரனை ஒரு தரம் நீளமாக அடித்தார். அடித்துவிட்டு, நான் சரிபண்ணிக்கொள்ளட்டும் என்று தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

நான் கையை மறுபடி தொடையில் ஊன்றினேன். அப்படியே சாய்ந்து சாய்ந்து அவர் பக்கத்தில் போய், "சோறு ஆறுது, வாங்க" என்றேன்.