ஆவி பேசுகிறவருக்கு அண்ணி வைத்த சோதனை

ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். ஆள் படியேறி வரும்போதே எடை போட்டுவிடுவேன். இவர் வாடகைக்குப் பேரம் பேசுவார், இவர் வெந்நீர் வரவில்லை என்று காலையில் சண்டைக்கு வருவார், அந்தப் புது மாப்பிள்ளை மாப்பிள்ளையே இல்லை. பெரும்பாலும் தப்பாது. அதில் எனக்குத் தலைகால் புரியாத கர்வம். அப்படிப்பட்டவன்தான் தொண்ணூறுகளின் நடுவில், டிவியில் வந்த ஆவி பேசுகிறவர் ஒருவரிடம் குப்புற விழுந்து கிடந்தேன்.

அப்போதுதான் எங்கள் லாட்ஜுக்குக் கேபிள் இணைப்பு கொடுத்து, ஹாலில் ஒரு கலர் டிவியும் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சேனலில் அவர் வருவார். வெள்ளை ஜிப்பா, மூடிய கண்கள், எதிரே ஒரு மெழுகுவர்த்தி. செத்துப்போனவரின் பெயரைச் சொந்தக்காரர்கள் போனில் சொன்னால், அந்த ஆவியை வரவழைத்து அது சொல்வதைத் தன் வாயால் சொல்வார். என்ன குரல் அது! இன்றைக்கும் அந்தக் குரலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காய்ச்சலில் கிடப்பவன் நெற்றியில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். எதிர்முனையில் யாரோ ஒரு அம்மா விசும்புவார். "அழாதீங்கம்மா, அவர் உங்க பக்கத்துலதான் நிக்கறார்" என்பார் இவர். ரூம் கூட்டுகிற அக்கா துடைப்பத்தோடு நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொள்வார். நானும்தான்.

எனக்கு அவர் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. என் அண்ணன் காணாமல் போயிருந்தான்.

எங்கள் ஊர் மாரமங்கலம் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பி, மரங்களில் ஏற்றிய மிளகு, மேட்டில் சாமை. அது போதாதென்று அண்ணன் ஒரு போர்வெல் லாரியில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போனான். மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ கூட வேலை செய்தவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு, ஊருக்குப் போகிறேன் என்று லாரியிலிருந்து இறங்கியவன் வந்து சேரவே இல்லை. தேடிப் போய்ப் பார்த்தோம், போலீசில் எழுதிக் கொடுத்தோம். வருஷங்கள்தான் போயின. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

அப்பாவுக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. அண்ணன் வாசலில் நின்று "பசிக்குதுங்கப்பா" என்கிறான். இவர் சோற்றுப் பானையைத் திறப்பதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. அவன் செத்துப்போய், கருமாதி செய்ய ஆளில்லாமல் பசியோடு அலைகிறான் என்று அப்பா தவித்துப்போனார். ஆனால் வெறும் கனவை நம்பிப் பெற்ற பிள்ளைக்குக் கருமாதி செய்ய அவருக்குக் கை வரவில்லை. அது அதோடு போகிற காரியமும் இல்லை. கருமாதி என்றால் அன்றைக்கே அண்ணியின் தாலியைக் கழற்ற வேண்டும்.

அண்ணி கொட்டச்சேடு ஊர்ப் பெண். அண்ணன் போன பிறகு அவருடைய கூடப்பிறந்தவர்கள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. ஏணி வைத்து மிளகு பறிப்பதிலிருந்து வியாபாரியிடம் விலை பேசுவது வரை அவர்தான். சுருக்கென்று பேசுவார். எனக்கு அப்பாவிடம் இருந்ததைவிட அவரிடம்தான் பயம் அதிகம்.

டிவிக்காரரைப் பற்றி அப்பாவிடம் போய்ச் சொன்னது நான்தான். அவரிடம் செத்தவர்களின் ஆவி மட்டுமே வரும். அண்ணனைக் கூப்பிடச் சொல்வோம். வந்தால் செத்துவிட்டான், வராவிட்டால் உயிரோடு இருக்கிறான். கணக்கு எனக்கு அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது. அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மழைக்காலம், லாட்ஜில் ஆளில்லை. மானேஜரிடம் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வரச் சொன்னேன். முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு எவ்வளவு முயன்றும் லைன் கிடைக்கவில்லை, பார்க்கத்தான் முடிந்தது. அப்பா கும்பிட்ட கையை இறக்காமல் பார்த்தார். அண்ணி இடையில் வந்த விளம்பரங்களை எல்லாம் வாய்கொள்ளாச் சிரிப்போடு ரசித்தார். அந்த மனிதர் வந்தபோது மட்டும் முகம் சுருங்கியது.

"ஏனுங்க தம்பி, அவரு கேக்கறாரு, சனங்க சொல்றாங்க. பொறவு அதையே அவரு திருப்பிச் சொல்றாரு. இதுல ஆவி எங்கீங்க வந்துச்சு?"

"எத்தன விசயத்தக் கரெக்டாச் சொன்னாரு, பாத்தீங்கல்ல அண்ணி?"

"நெஞ்சுல வலின்னாரு. சாகறப்ப யாருக்குத்தான் நெஞ்சுல நோவு இருக்காது?"

அப்பா திரும்பி முறைத்தார். அண்ணி குரலைத் தாழ்த்தினாரே தவிர விடவில்லை. "நம்பமாட்டேன்னு நான் சொல்லலீங்க மாமா. நம்மூரு மாரியாத்தா நோம்பில மருளாளி மேல சாமி வந்தாக்கூட, சோதிச்சுப் பாத்துத்தானுங்க குறி கேக்கறோம். இவரு என்ன, ஆத்தாளுக்கும் மேலயா?"

எங்கள் ஊரில் அது வழக்கம்தான். திருவிழாவில் மருளாளி மேல் சாமி இறங்கி ஆடினால் எடுத்ததும் யாரும் குறி கேட்டுவிட மாட்டார்கள். கூட்டத்தில் ஒருவர் எதையாவது கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, "கையில என்ன இருக்குது, சொல்லு" என்பார். காப்பிக்கொட்டையாக இருக்கும், மிளகாக இருக்கும், வெறுங்கையாகவும் இருக்கும். சரியாகச் சொன்னால் வந்தது சாமி, காலில் விழுவார்கள். தப்பாகச் சொன்னால் யாரும் திட்டுவதில்லை. "இன்னும் சாமி வல்ல" என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள். சோதித்ததற்காகச் சாமி கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம், டிவியைக் கண்டதும் எனக்கு அது மறந்தே போயிருந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி வேண்டாமா?

இருந்தாலும் நான் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "அவருக்குத் தெரியறது செத்தவங்களத்தான அண்ணி? போனுல கைய மூடிட்டு நின்னா அவரு என்னத்தக் கண்டாரு?" என்றேன்.

 அண்ணி அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"மாமா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு கண்ணு."

"மொதல்ல உங்களக் கூப்புடச் சொல்றனுங்க. எங்க மாமனாரு செத்துப்போயிட்டாரு, வரச் சொல்லுங்கன்னு கேக்கறேன். நெசமாலுமே ஆவி தெரிஞ்சவருன்னா, அந்த மாதிரி யாரும் இங்க இல்லைன்னு சொல்லட்டும். அப்பறம் உங்க மவனக் கேப்போம். அவரு என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறனுங்க. செத்துட்டாருன்னா என் கையாலயே தாலியக் கழட்டித் தாரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைக்குள் மூடி வைக்கிற காப்பிக்கொட்டையாக அப்பாவே இருக்க வேண்டும் என்கிறார். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிற மனிதரைச் செத்துவிட்டதாக வாய்விட்டுச் சொல்வதா? அதுவும் டிவியில், ஊரறிய, மருமகள் வாயால்? அப்பாவுக்கு மூக்கின் மேல் கோபம். அன்றைக்கு அண்ணிக்கு நல்ல பூசை விழப்போகிறது என்றே நினைத்தேன். அவரோ ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேளு கண்ணு. அவனுக்காகச் சாகோணும்னா நெசமாலுமே செத்திருப்பேன். இது வாயில சொல்றதுதான."

அந்த நிமிஷம் அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை இம்மியும் குறையவில்லை.

பஸ் ஏற்றிவிடப் போனபோது, அப்பா முன்னால் ஏறிய பிறகு, அண்ணியிடம் நான் கேட்டேன், அந்த ஆள் பொய்யன் என்று முடிவே கட்டிவிட்டீர்களா என்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்லீங்க தம்பி. அவரு நெசமானவரா இருக்கோணும்னுதான் நான் ஆத்தாளக் கும்புட்டுட்டு இருக்கறேன். இருக்கறாரா இல்லையான்னு தெரியாம எத்தன நாளைக்கு? ஆனா தாலியக் கழட்டறதுன்னா உண்மைக்குத்தானுங்க கழட்டோணும்" என்றார். 

அடுத்த ஞாயிறு இருவரும் மறுபடியும் வந்திருக்க, விரல் நோக டயல் செய்தேன். நிகழ்ச்சி முடியப்போகிற சமயத்தில் லைன் கிடைத்தது. எடுத்தவர்கள் சொன்ன முதல் வார்த்தை, டிவி சத்தத்தைக் குறையுங்கள் என்பது. குறைத்தேன். அப்பா விடவில்லை. தரையில் உட்கார்ந்து டிவிப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டார். நான் ரிசீவரில் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். அப்பா இருமித் தொலைத்தால் 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற கதையாகிவிடுமே என்று ஒரு கண்ணை அவர் மேலேயே வைத்திருந்தேன்.

"சொல்லுங்கம்மா, யாரோட பேசணும்?"

"எங்க மாமனாருங்க. செத்துப்போயிட்டாருங்க" என்று அண்ணி பெயரைச் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரையில் அவர் கண்கள் மூடின. மெழுகுவர்த்தி ஆடியது. "வந்துட்டாரும்மா" என்றார் அவர்.

அண்ணியின் கை ரிசீவரை இறுக்கியது. "சரிங்க" என்றார், அவ்வளவுதான்.

"ரொம்ப நாள் படுக்கையில இருந்தாரோ?"

"இல்லீங்க."

"ஆமா, சட்டுனு போயிட்டார், அதைத்தான் சொல்றார். கால் வலியால கஷ்டப்பட்டார் இல்லையா?"

"ஆமாங்க."

"இப்ப அந்த வலியே இல்லையாம்."

அப்பா தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டியது.

"உங்க மாமியார் இருக்காங்களாம்மா?"

"அவுங்க முன்னாடியே போயிட்டாங்க." அது உண்மை. அம்மா போய்ப் பல வருஷம்.

"அதான், பக்கத்துல ஒரு அம்மா நிக்கறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்க. இனி எனக்கு ஒரு குறையும் இல்லன்னு சொல்றார்."

என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. உயிரோடு தரையில் உட்கார்ந்திருந்த மனிதர், தான் செத்து அம்மாவோடு போய்ச் சேர்ந்துவிட்டதை ஒரு நிமிஷம் நம்பினார். அந்தக் குரலுக்கு அவ்வளவு சக்தி இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து கையை நீட்டினார். அண்ணி ரிசீவரைக் கொடுத்துவிட்டார்.

"வணக்கமுங்க சாமி. அந்த மாமனாரு நாந்தானுங்க பேசறேன். நான் இன்னும் சாகலீங்க. முழங்கால் நோவும் அப்படியேதானுங்க இருக்குது."

திரையில் மூடியிருந்த கண்கள் திறந்தன. அடுத்த நொடி சோப்பு விளம்பரம். போனில் வெறும் இரைச்சல்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால் அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"எனக்கே ஒரு நிமிசம் நெசமாட்டத் தோணிப்போச்சு கண்ணு" என்றார் அப்பா. "எம்மவன் பேருல இப்படிச் சொல்லியிருந்தா, நேரா ஊட்டுக்குப் போயித் தல முழுகியிருப்பனே."  லாட்ஜ் ஹாலில் நின்று அழுதார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான் முந்திக்கொண்டேன். "அழாதீங்கப்பா. அப்படின்னா அண்ணன் உசுரோடதான் இருக்குது."

"அது எப்படீங்க தம்பி?" என்று அண்ணி என் மேல் பாய்ந்தார். "அவரு பொய் சொன்னா உங்கண்ணன் உசுரோட இருக்கறாருன்னு ஆயிருமா? அவருக்குத் தெரியலைங்கறது மட்டுந்தானுங்க நமக்குத் தெரிஞ்சுது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல."

படித்தவர்கள், படிக்காதவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தனக்கு வேண்டாத பொய்யைத் தள்ளுகிறவர்கள் நிறைய உண்டு. தனக்கு வேண்டிய பொய் தானாகத் தேடி வந்து மடியில் விழும்போது அதையும் எடுத்து அப்பால் வைத்த ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் கழுத்துத் தாலி அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னதற்கு "ஆமாங்க" என்று தலையாட்டியிருந்தால் போதும், அப்பாவும் நம்பியிருப்பார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப, அவன் பசிக்கு என்ன கண்ணு பண்றது?" என்றார், குழந்தை மாதிரி.

"பசின்னு வந்தாச் சோறு போடறதுக்கு அவரு செத்திருக்கோணும்னு இல்லீங்களே, மாமா."

அன்று மத்தியானம் நானும் அவர்களோடு பஸ் ஏறி ஊருக்குப் போனேன். போனதும் அண்ணி அடுப்பைப் பற்ற வைத்து உலை ஏற்றினார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான்கு பேருக்கு அரிசி அளந்து போட்டார். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.