கொள்ளைக்காரர்களை ‘வாங்க’ சொல்ல வைத்தவர்

காங்கேயத்தில் ஒரு கல்யாணத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கோவை பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்த நேரத்தில் செய்தி வந்தது. எங்கள் வாட்ஸாப் குழுவில் பிரபு எழுதியிருந்தான்: “வசந்தாமணி அக்கா இன்னைக்குக் காலைல தவறிட்டாங்க.” கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. கும்பிடும் கையைத் தொடுவதாக நினைத்து, கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மூஞ்சியைத் தொட்டுவிட்டேன். அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து சீட்டில் எண்ணெய் டின்னை மடியில் வைத்திருந்த பெரியவரிடம் போனை நீட்டினேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, “ஏனுங்க, எழவுச் சேதிக்கு எதுக்குங்க சிரிச்சீங்க?” என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி விசாரித்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தார். இந்தக் கதையைக் கேட்டால் அக்கா ஒரு வாரம் சிரிப்பாரே, போய்ச் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

அக்காவை உங்களில் பலர் கணபதியில் வீட்டு ஓனரம்மாவாக அறிந்திருப்பீர்கள். பம்ப் கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள், வார்ப்பைத் தட்டிப் பார்த்தே ஓட்டை சொல்லும் இன்ஸ்பெக்‌ஷன் வசந்தாமணியாக அறிந்திருப்பார்கள். நான் சொல்லப்போவது மூன்றாவது வசந்தாமணியை. உலகம் அழிந்த பிறகு மதுக்கரையிலிருந்து காங்கேயம் வரை தனியாக நடந்த வசந்தாமணி.

பயப்பட வேண்டாம், வீடியோ கேம்தான். அக்காவின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்த பிரபுவும் மூன்று பேரும் ‘நொய்யலுக்கு அப்புறம்’ என்று ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். பெரும் அழிவுக்குப் பிறகான கொங்குச் சீமை. ஊர்கள் இடிந்து கிடக்கும், மிச்சப்பட்டவர்கள் அங்கங்கே கூட்டமாகப் பிழைத்திருப்பார்கள். ஆடுகிறவர் எந்தத் திசையிலும் போகலாம், எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், யாரோடும் பேசலாம், தோன்றினால் சுடலாம். அந்த ஜனங்கள் பேசுவதை எழுதத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பத்திரிகையில் என் நகைச்சுவைத் தொடரை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்த சமயம். உலகம் அழிந்ததைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் அப்போது கோவையில் இல்லை.

அக்கா முதன்முதலில் மாடியேறி வந்தது சண்டை போட. “ஏனுங் தம்பி, பொழுதன்னைக்கும் டுமீல் டுமீல்ங்குது. மேல யாரைக் கொன்னுபோட்டிருக்கீங்க?” என்றார். பிரபு திரையைக் காட்டினான். கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தவர், “அந்தச் செவுத்துக்குள்ள ஆளோட கை போகுதே, அப்படித்தான் போகணுமா?” என்றார். நான்கு பேர் இரண்டு மாதமாகப் பார்க்காத ஓட்டை. மறு திங்கட்கிழமை அக்காவுக்கு அங்கே ஒரு நாற்காலி போடப்பட்டது. விளையாட்டில் குறை கண்டுபிடிக்கும் வேலை.

அவர் பார்க்கிற விதமே தனி. துப்பாக்கியைத் தொடவே மாட்டார். ஒவ்வொரு சுவரையும் தோளால் உரசிக்கொண்டே ஊரைச் சுற்றுவார். “மோசமா இருக்கற எடத்தை எல்லாரும் பார்த்திருப்பாங்க. நல்லா இருக்கற எடத்துலதானுங்க ஓட்டை ஒளிஞ்சிருக்கும்” என்பார். ஓநாய் துரத்தினால் ஓட மாட்டார். நின்று கடிபட்டுச் செத்துவிட்டு, “ஓநாயில குறை ஒண்ணுமில்ல” என்று நோட்டில் எழுதுவார்.

ஒரு நாள் விளையாட்டுக்குள் பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டுக்குள் போனார். உள்ளே ஏழு பேர். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வெளியே வந்தார். மறுபடி போனார். பிறகு எழுதினார்: “ஏழு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர்கூட வாங்க என்று சொல்லவில்லை. கடுமையான குறை.”

பிரபு தமாஷ் என்று நினைத்தான். அவன் திருச்சிக்காரன், பாவம். எங்கள் ஊரில் இது தமாஷ் இல்லை. வீட்டுக்கு ஒருவர் வந்தால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ சொல்ல வேண்டும். வந்தவரும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அது பகை. என் சொந்தச் சித்தப்பா ஆறு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அவர் நுழைந்தபோது நான் வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு நின்று தலையை மட்டும் ஆட்டினேன். “வாயில நுரை இருந்தா துப்பிப்போட்டுச் சொல்றது” என்பது அவர் கட்சி. நியாயம்தான்.

அக்கா விடவில்லை. கடைசியில் பிரபு ஒரு விதி எழுதினான்: கூரைக்குக் கீழே இருக்கும் யாரும், ஆள் நுழைந்தால் ‘வாங்க’ சொல்வார்கள். நான் கிழவர், மருமகள், கோபக்காரர், காது கேட்காதவர் என்று வகைவகையாக நாற்பது ‘வாங்க’ எழுதிக் கொடுத்தேன். என் எழுத்து வாழ்க்கையில் ஒரு சொல்லை வைத்து இவ்வளவு பக்கம் நிரப்பியது அதுவே முதல் தடவை. இரண்டாவது தடவை என்பார்கள் என் வாசகர்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. விளையாட்டை வெளியிடுவதாக இருந்தவர்களின் தரப்பில் சென்னையிலிருந்து ஒருவர் பார்க்க வந்திருந்தார். பிரபு இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். விளையாட்டிலேயே பயங்கரமான இடத்தைக் காட்டினான்: மதுக்கரை ரோடு, புழுதிக் காற்று, ஆளரவம் இல்லை. இடிந்த பஸ் நிழற்குடைக்குள் மூன்று கொள்ளைக்காரர்கள் பதுங்கியிருக்கிறார்கள். நாயகன் நெருங்குகிறான். சென்னைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

நிழற்குடைக்குக் கூரை உண்டு என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

முதல் கொள்ளைக்காரன் எழுந்தான். “வாங்க” என்றான். இரண்டாமவன் எழுந்து, “வாங்க, வாங்க” என்றான். மூன்றாமவன் அரிவாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “அட, வாங்க! இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?” என்றான். அது நான் ரசித்து எழுதிய மருமகள் வரி, எப்படியோ அவனுக்குப் போயிருந்தது. அதன் பிறகு மூன்று பேரும் சேர்ந்து நாயகனை வெட்டினார்கள். சென்னைக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். பிரபு சிரிக்கவில்லை.

அவர் போனதும் பிரபு கதவைச் சாத்தினான். “வாங்க எல்லாத்தையும் எடுக்கிறோம். இந்த வாரத்துக்குள்ள.”

“கொள்ளைக்காரனுக்கு மட்டும் எடு கண்ணு. ஊட்டு ஜனத்துக்கு இருக்கட்டும்” என்றார் அக்கா.

“அக்கா, நீங்களே சொல்லியிருக்கீங்க. எழவு வீட்டுல யாரும் வாங்கன்னு சொல்ல மாட்டாங்கன்னு. இங்க உலகமே எழவு வீடு. ஒவ்வொருத்தனும் பத்துப் பேரைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கான். அவன் எப்படிக்கா வாங்கம்பான்?”

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வழக்கத்தை வைத்தே எங்களை மடக்கிவிட்டான் திருச்சிக்காரன். அக்கா மெதுவாகச் சொன்னார். “எழவு ஊட்லயும் பதினாறு முடிஞ்சா வாங்கன்னு சொல்லித்தான் ஆகோணும் தம்பி. உங்க கதை பதினாறுக்கு அப்பறம் நடக்கறதுதானே?”

பிரபு என்னைப் பார்த்தான். அக்காவும் என்னைப் பார்த்தார். அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்திருந்தது. ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பிரபு சொல்றதும் சரிதான், அக்கா சொல்றதுலயும் விஷயம் இருக்கு.”

“ரெண்டு பக்கமும் தலையாட்டறதுக்கு ஒரு பூம்பூம் மாடு போதுமே, எழுத்துக்காரரு எதுக்குங்க?” என்றபடி அக்கா எழுந்து கீழே போய்விட்டார். நான்கு நாள் மாடியேறவில்லை.

ஐந்தாம் நாள் நான் கீழே போனேன். கதவைத் திறந்தவர் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. ஆனாலும் வாய், “வாங்க” என்றது. காபி வந்தது. அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். பதினொரு வருஷம் முன்பு காங்கேயத்தில் அவர் அண்ணன் புது வீடு கட்டிக் குடிபோனார். அண்ணன் மனைவி சமையல்காரரோடு ஏதோ வாக்குவாதத்தில் இருந்ததால் அக்காவைப் பார்த்தும் ‘வாங்க’ சொல்லவில்லை. கொண்டுபோன குத்துவிளக்கை வாசற்படியில் வைத்துவிட்டு அக்கா அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது.

“போன வருசம் அண்ணன் போயிட்டாருங்க. போனேன். எழவு ஊட்டுல யாரும் வாங்கன்னு சொல்ல வேண்டியதில்லை பாருங்க, அதனால கூச்சமில்லாம உள்ள போயிட்டேன். பதினாறு முடிஞ்ச மறுநாள் போய் வாசல்லயே நின்னேன். உள்ள போகத் தைரியமில்ல. நங்கையா எட்டிப் பாத்துப்போட்டு ஓடியாந்து ‘வாங்க’ன்னாங்க.” அண்ணன் மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். “அந்த ஒரு வார்த்தைக்கு நான் அண்ணனையே குடுக்க வேண்டியதாப் போச்சுங்க. எத்தனை செத்தாலும் மிச்சமிருக்கறவங்க மறுபடியும் சொல்லத்தான் வேணும். பொம்மையாட்டத்துலயாச்சும் சொல்லட்டும்னு பார்த்தேன்.”

காபியை நான் எப்போது குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. நேரே மாடிக்குப் போய், வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு பக்கம் சேர்ந்தேன். “வாங்க போச்சுன்னா நானும் போயிடுவேன்” என்றேன். அதனால் பிரபுவுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதனால் அக்கா சொன்னதையும் அப்படியே சொன்னேன். அவன் அக்காவைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனான். கால்மணி நேரத்தில் இருவரும் மேலே வந்தார்கள். அக்கா தீர்ப்புச் சொன்னார்: “கூரை இருந்தா ஊடு ஆயிடாதுங்க. அடுப்பு இருக்கோணும்.” விதி மாறியது. நிழற்குடையில் பதுங்கியவன் பேசாமல் வெட்டுவான். அதே கொள்ளைக்காரனின் வீட்டுக்கு, அவன் அடுப்பு எரிகிற நேரத்தில் நுழைந்தால், ‘வாங்க’ சொல்லிவிட்டுத்தான் அரிவாளைத் தேடுவான். முன்பின் தெரியாத பத்துப் பேரை ஆட விட்டுப் பார்த்தோம். மூன்று மணி நேரம் பாழூர்களில் தனியாக அலைந்த ஒருவர், ஒரு வீட்டில் ஐந்து பேர் வரிசையாக ‘வாங்க’ சொன்னதும் துப்பாக்கியை இறக்கிவிட்டுச் சும்மா நின்றார். எதற்கு நின்றீர்கள் என்று கேட்டோம். “தெரியலைங்க” என்றார். பிரபு அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்கா அதோடு நிறுத்துகிற ஆளா? உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அங்கிருந்தே ஒரு குறை அனுப்பினார். “எல்லாரும் வாங்க என்கிறார்கள். நாம் பதில் சொல்ல வழி இல்லை. மரம் மாதிரி நிற்கிறோம். வந்தவர் மரியாதை கெட்டவர் ஆகிறார்.” பார்க்கப் போன என்னிடம், “கையில புடிச்சு ஆடற கருவியில பட்டன் எல்லாம் தீர்ந்துபோச்சுன்னு தம்பி சொல்லுது. நீங்க பதிலை எழுதி வெச்சுப்போடுங்க, எடம் தானா கிடைக்கும்” என்றார். “அடுத்த வாரம் தர்றனுங்கக்கா” என்றேன். எழுத வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதற்கும் அடுத்த வாரம். அந்த அடுத்த வாரத்தில்தான் நான் காங்கேயத்தில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ் இறங்கி நேரே கணபதிக்குப் போனேன். முற்றம் நிறைய ஆட்கள். தலைமாட்டில் அவருடைய நங்கையா உட்கார்ந்திருந்தார். யாரும் என்னை ‘வாங்க’ என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அந்த வாசலில் அது எனக்குப் புதிது. மாடிப்படியில் பிரபு உட்கார்ந்திருந்தான். நகர்ந்து எனக்கு இடம் விட்டான், அவ்வளவுதான்.

பதினாறு முடிந்த மறுநாள் நான் பதிலை எழுதிக் கொடுத்தேன். பிரபு பட்டன் கண்டுபிடித்திருந்தான். குதிப்பதற்கு இருந்ததை எடுத்துவிட்டான். இப்போது எங்கள் விளையாட்டில் யாராலும் குதிக்க முடியாது. ஆனால் ‘வாங்க’ என்பவருக்கு ‘வந்தனுங்க’ என்று சொல்லலாம். ஆறு பேர் இருந்தால் ஆறு தடவை சொல்லலாம். விளையாட்டு வெளியாகிவிட்டது. எப்படிக் குதிப்பது என்று கேட்டு நிறையப் பேர் எங்களைத் திட்டுகிறார்கள்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. குறையை யார் எழுதினாரோ, அவரேதான் சரியானதைப் பார்த்து அதை முடித்து வைக்க வேண்டும். அக்காவின் கடைசிக் குறையைப் பார்த்து முடித்துவிடும்படி பிரபு என்னிடம் சொன்னான். ஒரு வீட்டுக்குள் போனேன். நான்கு பேர் சொன்னார்கள். நான்கு பேருக்கும் பதில் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. ‘முடிந்தது’ என்று குறிக்கும் கட்டத்தை மட்டும் நான் தொடவில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்: தீர்ந்துபோன, ஆனால் முடிக்காத ஒரு குறை.

திங்கட்கிழமை காலையில் மிச்சமிருக்கும் குறைகளை ஆள்வாரியாகப் பிரபு வாசிப்பான். எல்லாப் பெயரும் வரும். “வசந்தாமணி, ஒண்ணு” என்பான். ஒரு கணம் பொறுத்து, அடுத்த பெயரைப் படிப்பான்.