சாமியல்ல, குளிசை

எஹலியகொடைக்கு மேலேயுள்ள இறப்பர் தோட்டத்தில் உதயராஜின் வேனில் ஏறாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கிளினிக், கதிர்காமம், எல்லாவற்றுக்கும் அவன்தான். வேன் புறப்படும்போது திறந்த வாயை இறங்கும்வரை மூடமாட்டான். தமிழில் ஆரம்பித்த கதையைப் பாதி வழியில் சிங்களத்துக்கு மாற்றி வேன் முழுவதையும் ஒன்றாகச் சிரிக்க வைப்பான். அந்த வாயில் மயங்கித்தான், இறப்பர்ப் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த பிரேமலதா 1998இல் அவனைக் கட்டிக்கொண்டாள்.

2006 வாக்கில் அந்தக் கலகலப்பு ஒரு படி கூடிப்போனது. தூரப் பயணம் போய் வந்தாலும் படுக்கமாட்டான். லயத்து வீட்டு வாசலில் நின்று வேனைக் கழுவுவான், பாடுவான், மூக்கைச் சொறிவான். சோறு மட்டும் இறங்காது. ஒரு நாள் வேனைக் கூட்டும்போது சீட்டுக்கடியில் பச்சையும் மஞ்சளுமாகக் குளிசைகள் பிரேமலதாவின் கையில் சிக்கின.

"இது என்னங்க?"

"முதுகு வலிக்குடி. வரக்காப்பொல ஸ்டாண்டுல வேன் ஓட்டுற ஒருத்தன் குடுத்தான். போட்டா வலியும் தெரியாது, அசதியும் தெரியாது. எம்பிலிப்பிட்டிய வரைக்கும் மெதந்துகிட்டே போகலாம்."

"மெதந்துகிட்டா? நீங்க ஓட்டுறது வேனா, தெப்பமா?"

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சு அத்தோடு போயிற்று.

அடுத்த வருடம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. வெளியூர்ச் சொந்தக்காரர்களை ஏற்றி இறக்கியதில் உதயராஜ் தூங்கியே இரண்டு நாளாகியிருந்தது. தெம்புக்கு என்று குளிசைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, சந்தோசத்துக்கு என்று சாராயமும் குடித்திருந்தான். பட்டப்பகலில் கரகம் கோயிலுக்குள் நுழைகிற நேரம், தப்புச் சத்தத்தையும் மீறி ஓர் அலறல். உதயராஜ் மரக்கட்டைபோல விறைத்து விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"உதயராசுக்குச் சாமி வந்திருச்சு!"

பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி ஓடிவந்து திருநீற்றை அள்ளி வீசி, "வந்திருக்கிறது யாரு? ஆத்தாளா, முனியாண்டியா?" என்று அதட்டினார். வந்திருந்தது பதில் சொல்லவில்லை. கூட்டத்தில் ஓரிரண்டு பேருக்குச் சந்தேகம் தட்டியது. வலிப்பென்றால் இரும்பு கொடுக்க வேண்டும் என்று ஒருவர் வேன் சாவியையே எடுத்து அவன் கைக்குள் திணித்தார். இன்னொருவர் பல்லை நெம்பக் கரண்டியோடு வந்தார்.

பிரேமலதா கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். அவனுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. வாயோரம் நுரையோடு ரத்தம். கால்சட்டை நனைந்திருந்தது.

"சாமியுமில்ல பூதமுமில்ல, வெலகுங்க! அந்தக் கரண்டிய அப்பால எடுங்க!"

இழுப்பு கொஞ்சம் அடங்கியதும் நுரை தொண்டைக்குள் போய்விடாமல் அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேன் கண்ணெதிரே நிற்கிறது. ஓட்டத்தான் ஆளில்லை. தோட்டத்து லொறி டிரைவரைத் தேடிப் பிடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய்த் திரும்பியது.

ஆசுபத்திரியில் அவன் கண் விழித்தபோது ஒன்றும் ஞாபகமில்லை. டொக்டர் நபீலா கட்டில் பக்கத்தில் நின்று, "விழ முந்தி என்ன குடிச்சீங்க, என்ன போட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல டொக்டர். வெரதம்," என்றான் கடிபட்ட நாக்கால்.

"வெரதம் இருக்கிற ஆளு சாராயம் குடிப்பாரா டொக்டர்?" என்று கேட்டுக்கொண்டே, அவன் சட்டைப் பையில் மிச்சமிருந்த குளிசைகளை எடுத்து நீட்டினாள் பிரேமலதா.

டொக்டர் அவற்றைத் திருப்பிப் பார்த்தார். "இது கடும் வலிக்கு, நாங்க எழுதிக் குடுத்தா அளவா எடுக்கிறது. இப்படி அள்ளிப் போட்டா வலிப்பு வரும். நித்திரையும் இல்லாம, சாராயமும் சேர்ந்தா சொல்லவே வேணாம். வாழ்க்கையில ஒரு நாளும் வலிப்பு வராத ஆளுக்கும் வரும்."

"இன்னிக்கே எல்லாத்தையும் கக்கூசுல கொட்டிர்றேன்," என்றாள் பிரேமலதா.

"பொறுங்க. உடம்பு பழகிட்டுது. திடீரெண்டு நிப்பாட்டினா அதுவும் கஷ்டம். கிளினிக்குக்கு வாங்க, பார்த்துப் பார்த்துக் குறைப்போம். நான் சொல்ற வரைக்கும் வேன் ஓட்டக் கூடாது. ஆக்களை ஏத்திக்கிட்டுப் போகக்குள்ள இது வந்திருந்தா?"

உதயராஜ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

லயத்துக்கு வந்தபின் சில வாரங்கள் பெரும்பாடு. வியர்த்தான், நடுங்கினான், ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தான். இதற்கு நடுவே மேல் லயத்துப் பெண்கள் இருவர் தேங்காய் பழத்தோடு குறி கேட்க வந்து நின்றார்கள். "சாமிக்கு நாக்கு வீங்கியிருக்கு, அப்புறமா வாங்க," என்று பிரேமலதா அனுப்பிவைத்தாள். உள்ளே அவன் வெகுநாளைக்குப் பிறகு சிரிக்கிற சத்தம் கேட்டது.

அன்றைக்கே அவள் சொன்னாள்: "எனக்கு வேன் ஓட்டப் பழக்குங்க."

"நீயா?"

"கோயில் வாசல்ல கையப் பிசைஞ்சுகிட்டு நின்னது போதும். இன்னொருக்கா நிக்க மாட்டேன்."

தொழிற்சாலைப் பாதையில் பாடம் நடந்தது. "கிளச்ச மெதுவா விடுடி!" என்று அவன் கத்தினான். வேன் தவளைபோலத் தாவி நின்றது. கோழிகள் பறந்தன. பார்த்துச் சிரித்த சனங்களே, அவள் லைசன்ஸ் எடுத்ததும் முன்சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். அது யுத்தத்தின் செக்பொயிண்ட் காலம். இரத்தினபுரி பாதையில் வேனை மறித்த சிப்பாய் எட்டிப் பார்த்து, "அக்காத எலவன்னே?" என்று வாயைப் பிளந்தான். ஓட்டுவது அக்காவா என்று கேட்கிறான். "ஒவ் மல்லி, நானேதான், இறங்கிப் பார்க்கணுமா?" என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்திலேயே கேட்டாள் அவள். சிப்பாய் சிரித்துவிட்டுக் கையைக் காட்டினான்.

உதயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு குறை சொன்னபடி ஆட்களை ஏற்றி இறக்கினான். வலிப்பு திரும்ப வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேலே ஆனபிறகு, இனி ஓட்டலாம் என்று டொக்டர் நபீலா சொன்னார். மறுநாள் காலை அவன் தலை சீவி, புதுச் சட்டை போட்டு வெளியே வந்தபோது, பிரேமலதா ஏற்கெனவே ஸ்டியரிங்கின் முன்னால் இருந்தாள். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

"காலையில ஸ்கூல் ட்ரிப் என்னோடது. மத்தியானத்துக்கு மேல நீங்க எடுத்துக்கங்க," என்றாள். "இப்ப போய்ச் சாப்பிட்டுட்டுப் படுங்க."

அவன் பிள்ளைகளின் பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்தி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, "போலாம், ரைட்!" என்றான்.