திருகாணியில் ஒரு சிவப்புப் பொட்டு

கம்பனிக் கந்தோர்களில் கழித்து விடும் பழைய கணினிகளை வாங்கி, கேம் விளையாடுகிறவர்களுக்கு ஏற்றமாதிரி மாற்றி, மலிவாக விற்பது என் தொழில். ஓர்ஸ் ஹில்லில் வீட்டின் முன்னறைதான் கடை. இந்தத் தொழிலுக்கு முதலில் வேண்டியது திருப்புளி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சந்தேகம். பெட்டியில் ஒட்டியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று. அதிகம் பாவிக்காதது என்று வரும் கிராபிக்ஸ் கார்ட், யாரோ இரவு பகலாக ஓட்டிச் சாகடித்ததாக இருக்கும். சில கார்ட்கள் தம்மைப் பற்றித் தாமே பொய் சொல்லும். திரையில் பெரிய மொடல் என்று காட்டும், கழற்றிப் பார்த்தால் பழைய சின்னது. இப்படியான சாமான்களோடு சீவிக்கிற ஒருவன் மனிதரை மட்டும் எப்படி நம்புவான்?

எனக்குச் சாமான் கொண்டுவருகிறவர் கிண்ணியாக்காரர், முஸ்லிம். என்னைவிட மூத்தவர், அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். கொழும்பில் தேடிப் பிடித்து எடுத்து வருவது அவர். பொருத்துவது நான். விற்றதைத் தன் வான் வண்டியில் ஏற்றிப்போய்க் கொடுப்பதும் அவர். அவர் கையை விரித்தால் அன்றைக்கே என் கடைக்குப் பூட்டு. எங்கள் வீட்டு உலை அவரை நம்பித்தான் கொதிக்கிறது என்று மனைவி அடிக்கடி சொல்வாள். அதனாலேயே அவர்மேல் ஒரு கண் வைத்திருந்தேன். ஊரையும் மதத்தையும் பார்த்து வந்த சந்தேகம் இல்லை அது. என் சொந்த மச்சான் வந்து போனாலும் மேசையில் ராம் துண்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிறவன் நான்.

என்னிடம் ஒரு இரகசிய வழி இருந்தது. கடையை விட்டுப் போகும் ஒவ்வொரு கணினியிலும் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் மூடியின் திருகாணியில் ஒரு பொட்டு, உள்ளே கார்டின் மூலையில் இன்னொரு பொட்டு வைப்பேன். திறந்தால் பொட்டு வெடிக்கும், மாற்றினால் பொட்டு இருக்காது. நகப்பூச்சு ஏன் இவ்வளவு கெதியாக முடிகிறது என்று யோசித்து மனைவி மகளைத்தான் ஏசினாள்.

சல்லி என்ற கடற்கரை ஊரில் ஒரு மீனவர் என்னிடம் கணினி வாங்கியிருந்தார். நாற்பது கடந்த மனிதர். வாடைக்காலத்தில் கடலுக்குப் போக ஏலாத நாட்களில் உதைபந்தாட்டக் கேம்தான் அவருக்கு எல்லாம். ஒருநாள் காலை அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேம் போட்டுக் கொஞ்ச நேரத்தில் நின்று போகிறதாம். திறந்தீர்களா என்று கேட்டேன். தொடவே இல்லை என்றார்.

திருகாணியில் பொட்டு வெடித்திருந்தது. உள்ளே பார்த்தேன். கார்டில் பொட்டே இல்லை. யாரோ நல்ல கார்டை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகியிருக்கிறார்கள். இந்த மனிதருக்கு மாற்றிப் போட இன்னொரு கார்ட் எங்கிருந்து வரும்? இடையில் போனது நானாவின் வான் மட்டும்தான். தெரிந்த கைக்கு அது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேர வேலை.

மீனவரைக் கதிரையில் இருத்திவிட்டு நானாவை வரச் சொன்னேன். வந்தவரிடம் நேரே கேட்க வாய் வரவில்லை. வழியில் சாமான் மாறுகிற கதைகள், பிற ஊர்களில் நடந்தது, யாரோ ஏமாந்தது என்று எங்கெங்கோ சுற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நான் மாத்தினதெண்டு நினைக்கிறீங்களா?"

"நான் வைச்ச பொட்டு இல்லை, நானா."

இரகசியம் வெளியே வந்துவிட்டது. அவர் கார்டை வாங்கி, அதன் ஓரத்துத் தகட்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உட்பக்கத்தில் ஊசியால் இழுத்த மூன்று கீறல்கள்.

"இது என்ர அடையாளம். உங்களுக்குத் தாற எல்லாக் கார்டிலயும் போட்டுத்தான் தாறனான். இது நான் தந்ததுதான்."

எதற்கு என்று கேட்கத் தேவையில்லை. பழுதென்று நான் திருப்பிக் கொடுக்கும் கார்ட் அவர் தந்ததுதானா என்று பார்க்கத்தான். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று தெரிந்தும் வந்தது.

"என்னில நம்பிக்கை இல்லையா, நானா?"

"நீங்க என்னில வச்ச அளவு நானும் வச்சிருக்கன்."

பிறகு கார்டை என் மூக்கருகில் பிடித்தார். பெயின்ட் கரைக்கும் தின்னர் மணம். இரண்டு பேரும் மீனவரைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார். கடலில் என்ஜின் நின்றால் கழற்றித் துடைத்துப் பூட்டுவார்கள். இதுவும் நின்றது, அவரும் கழற்றினார். பைபர் படகுக்கு ஒட்டுப்போட்டு மிஞ்சிய தின்னரால் கார்டைப் பளபளவென்று துடைத்தார். அழுக்கோடு என் பொட்டும் போயிற்று. திறந்தது தெரிந்தால் நான் திருத்தித் தரமாட்டேன் என்ற பயத்தில் மறைத்தாராம்.

உண்மையான பழுது வேறு. கடலைப் பார்த்த யன்னலில் கணினியை வைத்திருக்கிறார். உப்புக்காற்றில் பவர் சப்ளையின் விசிறி இறுகி, சூடேறி நின்றிருக்கிறது. நானாவின் வானில் இன்னொரு பவர் சப்ளை இருந்தது. அதை மாற்றிப் போட்டேன். மனைவி வைத்த தேத்தண்ணியை நானா தொடவில்லை. இந்த மனிதர் இனி வருவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒளிக்க இனி என்ன இருக்கிறது? நகப்பூச்சுப் போத்திலை எடுத்து எல்லார் முன்னாலும் கார்டில் பொட்டு வைத்தேன். மீனவர் எழும்பி வந்தார்.

"அண்ணை, அதை ஒருக்காத் தாங்கோ."

என் பொட்டுக்குப் பக்கத்தில் தன் பெரிய விரல்களால் ஒரு பொட்டு வைத்தார். அடுத்த முறை திருத்தக் கொண்டுவந்தால், நானோ நானாவோ மாற்றினோமா என்று தனக்கும் தெரிய வேண்டுமாம். நானா என்னைப் பார்த்தார். பொட்டுகள் காய்ந்ததும் நான் மூடியைப் பூட்டினேன்.

கணினியை வானில் ஏற்றினார்கள். இதுவரை சாமான் கொடுக்க நான் கூடப் போனதில்லை. அன்று கடையைச் சாத்திவிட்டு வானின் முன் கதவருகில் போய் நின்றேன்.

"துணைக்கா, காவலுக்கா?" என்று நானா கேட்டார்.

"ரெண்டுக்கும்" என்றேன்.

அவர் எட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.