பத்தரை மணிக்கு நின்ற இருபத்திரண்டு வண்டிகள்

ஏழாம் நம்பர் பார்சல் வண்டி ஓட்டும் அக்காவை டெப்போவில் எல்லாரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்தால் ஒட்டகம் மாதிரி இல்லை. தீக்குச்சிக்குச் சட்டை பேன்ட் மாட்டிவிட்டது போல இருப்பார். ஆனால் காலை ஏழு மணிக்கு வண்டியில் ஏறினால் சாயங்காலம் ஐந்துக்குத் திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. வெயில் மண்டையைப் பிளக்கட்டும், எதிரே குழாய் உடைந்து தெருவே ஆறாக ஓடட்டும், அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். எட்டு வருஷமாக இதே கதை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூம் போனால் வண்டியை நிறுத்த வேண்டும், வண்டியை நிறுத்தினால் சிவப்பு விழும்.

சிவப்பு என்பது டிரைவர்களுக்கு எமன் மாதிரி. ஒவ்வொருவர் கையிலும் கம்பெனி ஒரு போன் கொடுத்திருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று எல்லாம் அதற்குத் தெரியும். தும்மினால்கூடக் குறித்துக்கொள்ளும் என்று பேச்சு. சாயங்காலம் டெப்போச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் ஆளாளுக்கு ஒரு நிறம் வரும். பச்சை வந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு வந்தால் மேனேஜர் அறைக்குப் போக வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு வாங்கினால் ரூட்டைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு யாராவது லீவு போட்டால்தான் வண்டி. மற்ற நாளெல்லாம் வீட்டில் படுத்துக்கொண்டு மின்விசிறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டியதுதான்.

காலையில் பார்சல் ஏற்றும்போது இருபத்திரண்டு டிரைவர்களும் சேர்ந்து புலம்புவது பெரிய கச்சேரி.

"ஹேர்பின்னுக்கும் அதே காசு, வாஷிங் மெஷினுக்கும் அதே காசு. வாஷிங் மெஷின நான் என்ன சட்டைப் பையிலயா போட்டுட்டுப் போறேன்?" என்று மூன்றாம் நம்பர் பெரியவர் ஆரம்பிப்பார்.

"வீட்ல ஆள் இல்லன்னா அதுவும் கிடையாது. நாலு மாடி ஏறுனது என் சொந்த ஆசைக்காம்!" என்று இன்னொருவர் சேர்ந்துகொள்வார்.

"என் வண்டிக் கதவு மூடலன்னு ஆறு மாசமா சொல்றேன்யா. நேத்துதான் மேனேஜர் மனசு எரங்கி ஒரு கயிறு குடுத்தாரு. கயித்துக்குக் கையெழுத்து வேற!"

ஒட்டகம் மட்டும் புலம்ப மாட்டார். அவருக்குத் தன் ரூட்டின் மேல் அவ்வளவு பெருமை. ஏழாம் நம்பர் ரூட்டைப் போல மோசமான ரூட் உலகத்திலேயே கிடையாது. முழுக்க மேடு. படிக்கட்டுகள் வானத்தைத் தொடும். பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்குப் பக்கத்தில் நாற்பத்தொன்று இருக்கும், பதின்மூன்று மூன்று தெரு தள்ளி இருக்கும். அவருக்கு முன்னால் மூன்று ஆம்பிளைகள் அழுதுகொண்டே விட்டுப்போன ரூட் அது. எந்த வீட்டில் மணி வேலை செய்யாது, எந்த வீட்டில் தாத்தா கதவுக்கு வருவதற்குள் ஒரு தூக்கம் போடலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எட்டு வருஷத்தில் ஒரு பார்சலைக்கூட அவர் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

இந்த மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள், மேட்டுத் தெருவில் வண்டி ஏறும்போது இடுப்பில் யாரோ திருப்புளியை வைத்துத் திருகியது போல வலித்தது. ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கால் மணி நேரம் கிடந்தார். சாயங்காலம் சிவப்பு. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே வலி, மறுபடியும் சிவப்பு. புருஷன்காரர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "கிட்னியில கல்லு. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"காலையில ஒரு டம்ளர், ராத்திரி ஒரு சொம்பு."

"நடுவுல?"

"நடுவுல வண்டி ஓட்டுவேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பகல் பூரா குடிக்கணும். போகணும்னு தோணுனா உடனே போகணும், அடக்கவே கூடாது. இப்படியே போனா கிட்னி கெட்டுப் போயிடும். பயமுறுத்துறதுக்குச் சொல்லல."

வீட்டுக்கு வந்ததும் புருஷன்காரர் பேக்கரி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "விட்டுத் தொலைம்மா இந்த வேலைய. எங்க பேக்கரியிலயே பேக்கிங்குக்கு ஆள் கேக்குறாங்க."

"என் ரூட்ட யார்கிட்டங்க குடுக்கச் சொல்றீங்க? பதின்மூணாம் நம்பர் வீட்டக் கண்டுபிடிக்கவே அவனுக்கு ஒரு வருஷம் ஆகும்."

"கிட்னி பெருசா, ரூட் பெருசா?"

"ரெண்டும் என்னோடதுதாங்க. ஒண்ண மட்டும் எதுக்கு விடணும்?"

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் சின்ன வயசுக்காரர். இஸ்திரி போட்ட சட்டையோடு பிறந்தவர் போல இருப்பார். ஒரு நாள்கூடப் பார்சல் வண்டி ஓட்டியதில்லை. டாக்டர் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"பத்து நிமிஷந்தான் சார். காலையில ஒரு தடவை பாத்ரூம் போக."

"போங்கக்கா, நான் வேணாம்னா சொல்றேன்? ஆனா சிஸ்டத்துல அதுக்கு இடமில்ல. நேரத்த நீங்கதான் மிச்சம் புடிக்கணும். எங்க வேஸ்ட் ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியல. நாளைக்கு நான் உங்ககூட வர்றேன், காட்டித் தர்றேன்."

சொன்னபடி வந்தார். கையில் சொம்பு அளவுக்கு ஒரு காபி, குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். ஏழரைக்குக் காபி காலி. எட்டரைக்குப் பாட்டிலில் பாதி காலி. ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு புத்திமதி சொன்னார். "படியில ஓடாதீங்க, வேகமா நடங்க." "கையெழுத்து வாங்கும்போதே அடுத்த வீட்ட யோசிங்க."

ஒன்பதரைக்குப் புத்திமதி குறைந்தது. பத்து மணிக்கு மேனேஜர் ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் போட்டார். பத்தே காலுக்குக் காலை மாற்றிப் போட்டார். மேட்டுத் தெருவில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அவர் முகம் பழைய துணியைப் பிழிந்தது போல ஆகிவிட்டது.

"அக்கா... இங்க பக்கத்துல எங்கயாவது..."

"என்ன சார்?"

"அதான்க்கா."

"நிறுத்துனா சிவப்பு விழும் சார். ஏற்கெனவே ரெண்டு வாங்கிட்டேன். இன்னொண்ணு விழுந்தா ரூட் போயிடும்."

"உங்க கால்ல விழறேன்க்கா!"

விழ விடலாமா என்று அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். மனசு கேட்கவில்லை. வளைவில் இருந்த கண்ணாடிக்கடை முன்னால் நிறுத்தி, "நேரா உள்ள போங்க. கடைக்காரம்மாகிட்ட ஏழாம் நம்பர் வண்டின்னு சொல்லுங்க" என்றார். மேனேஜர் போன வேகத்தில் வாசலில் கிடந்த மிதியடி இரண்டடி தள்ளிப் போய் விழுந்தது.

திரும்பி வந்தவர் புது ஆள். முகமெல்லாம் சிரிப்பு, பேச்சு தானாக வருகிறது. "கவலைப்படாதீங்கக்கா. இன்னிக்கு ரெண்டு பேர் இருக்கோம், நானும் தூக்குறேன், சராசரியப் புடிச்சிடலாம்."

"என்ன சார் அது சராசரி?"

"சிவப்பு எப்படி விழுதுன்னு நினைச்சீங்க? டெப்போவுல இருக்குற எல்லாரோட நேரத்தையும் கூட்டி, நடுவுல ஒண்ணு எடுக்கும் சிஸ்டம். அதவிட எட்டு நிமிஷம் பின்தங்குனா சிவப்பு."

அக்கா வண்டியைக் கிளப்பவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்தான். ஆனால் நூற்றி நாற்பது பார்சலையும் எது முதலில் இறங்கும், எது கடைசியில் இறங்கும் என்று பார்த்துத் தலைகீழாக அடுக்குகிறவர். "அப்போ எல்லாருமே பத்து நிமிஷம் நின்னா?"

மேனேஜர் பாட்டிலைத் திறந்தார். மூடினார். "வண்டிய எடுங்கக்கா" என்றார்.

அன்றைக்கு நாலு கால்கள் ஓடியதால் பச்சை. ஆனால் அக்காவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மேனேஜர் வீட்டுக்குப் போனதும் இருபத்தொரு டிரைவர்களையும் பார்சல் மேஜையைச் சுற்றி நிற்க வைத்து விஷயத்தைச் சொன்னார். எட்டு வருஷத்தில் தண்ணீர்தான் குடிக்கவில்லையே தவிர, அவசரத்துக்குத் திறக்கும் கதவுகளை ஒன்று விடாமல் தெரிந்துவைத்திருந்தார். ஏழாம் நம்பர் கைக்கு வருவதற்கு முன்னால் லீவு போட்டவர்களுக்குப் பதிலாக எல்லா ரூட்டிலும் ஓட்டிய ஆள் அல்லவா? பழைய பெட்டியைக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நம்பருக்குப் பல் டாக்டர் கிளினிக். ஒன்பதுக்கு டயர் கடை, ஆனால் நாய் இருக்கும். பதினாறுக்கு நூலகம், வாட்ச்மேனிடம் மரியாதையாகப் பேச வேண்டும்.

"பத்தரைக்கு எல்லாரும் நிக்கணும். எல்லாரும் நின்னா சராசரியும் கூடவே ஏறும், யாருக்கும் சிவப்பு விழாது. தண்ணி குடிக்கணும், போகணும், வரணும். பத்தே நிமிஷம்."

"ராக்கெட் நிக்க மாட்டான்க்கா. அவன் நிக்கலன்னா நானும் நிக்க மாட்டேன்" என்றார் ஒருவர். "நானும்" என்றார்கள் நாலு பேர்.

எல்லாரும் ராக்கெட்டைப் பார்த்தார்கள். பதினெட்டாம் நம்பர் ஓட்டுகிறவன். காற்று அவனிடம் லிஃப்ட் கேட்கும். பதினொரு மாதமாகத் திரையில் அவன் பெயர்தான் முதலில். வேகத்துக்காக அவன் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"மத்தவங்க நின்னா நான் இன்னும் முன்னாடி போயிடுவேன். எனக்கு எதுக்குக்கா இது?"

"நீ எப்படா தண்ணி குடிக்கிற?"

ராக்கெட் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். உதடு வெடித்துக் கிடந்தது.

"எனக்குக் கல்லு வளர எட்டு வருஷம் ஆச்சு. நீதான் வேகமான ஆளாச்சே, நாலு வருஷத்துல வளத்துடுவ."

எல்லாரும் சிரித்தார்கள். ராக்கெட் சிரிக்கவில்லை. துண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நிற்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பத்தரை மணி. அக்கா கண்ணாடிக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். பாட்டிலைத் திறந்தார். மற்றவர்கள் நிற்காவிட்டால் இது மூன்றாவது சிவப்பு. நாளைக்கே மேட்டுத் தெருவில் வேறு யாரோ வந்து பதின்மூன்றைத் தேடுவான். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். போன் அடித்தது. ராக்கெட்.

"என்னடா?"

"அக்கா, நீங்க எழுதிக் குடுத்த ஜிம் பூட்டியிருக்கு!"

அக்காவுக்குப் புரைக்கேறியது. "முன்பக்கம் பூட்டித்தான்டா இருக்கும்! பின்னாடி போ, பச்சைக் கதவு. ரெண்டு தட்டு தட்டு."

"சீக்கிரம் சொல்லக் கூடாதா? ஒரு பாட்டில் முழுசா குடிச்சிட்டேன்க்கா!" காலடிச் சத்தம் தடதடவென்று கேட்டது. ராக்கெட் அந்த வேகத்தில் அதுவரை ஓடியதே இல்லை.

சாயங்காலம் திரையின் முன்னால் இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். நிறம் வருவதற்கு முன்னால் யாரும் மூச்சு விடவில்லை. வந்தது. மேலிருந்து கீழ்வரை பச்சை, வயல் மாதிரி. மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து திரையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார்.

"சராசரி பத்து நிமிஷம் ஏறியிருக்கு. இன்னிக்கு ரோட்டுல டிராஃபிக்கா?"

தலையாட்டினால் போதும். விஷயம் அதோடு முடிந்திருக்கும். இரண்டு பேர் தலையாட்டவும் ஆரம்பித்தார்கள்.

"டிராஃபிக் இல்ல சார்" என்றார் அக்கா. "பாத்ரூம் போனோம். இருபத்திரண்டு பேரும். நாளைக்கும் போவோம்."

மேனேஜர் கழுத்தைத் தடவினார். "மேல இருக்குறவங்க கேட்டா நான் என்னக்கா சொல்றது?"

"ஒரு நாள் வண்டியில வந்து பாக்கச் சொல்லுங்க. காபி நான் வாங்கித் தர்றேன்."

முதலில் சிரித்தது மேனேஜர்தான். பிறகு கூரையே எழும்பிவிடும்போல எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றாம் நம்பர் பெரியவர், "அப்படியே அந்த வாஷிங் மெஷின் காசு விஷயத்தையும் பேசிடுவோமா சார்?" என்று ஆரம்பித்தார். மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா சாவிப் பலகையின் முன்னால் போய் நின்றார். ஏழு என்று எழுதிய ஆணியில் தன் வண்டிச் சாவியை மாட்டினார். ஒரு முறை நேராக்கிவிட்டுப் போனார்.