சோதனை சிவப்புக் காட்டிய காலை

கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். மாமாவின் மகனும் நானும் அங்கிருந்து ஒரு செயலி எழுதிக்கொண்டிருந்தோம். எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயற்பரப்புக்கு, எப்போது வாய்க்கால் தண்ணீர் வரும் என்று வவுணதீவு விவசாயிகளுக்குக் கைபேசியில் அறிவிப்பதுதான் அதன் வேலை. எழுதியதைப் பென் டிரைவில் மாற்றிக்கொள்வோம். ஒருநாள் அவன் தன் பழைய கோப்புறையை என் புதியதன் மேல் பதிந்துவிட்டான். தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரிவதற்காக நான் பாடுபட்டு எழுதியதெல்லாம் போயிற்று.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இனிப் பென் டிரைவ் வேணாம். கிட் பாவிப்பம்," என்றேன். யார், எப்போது, எதை மாற்றினாலும் முந்தையதை அழிக்காமல் வைத்திருக்கும் கருவி அது.

"ரெண்டு பேருக்கு எதுக்கு மச்சாள் அவ்வளவு பெரிய சாமான்?"

"ரெண்டு பேர்ர வேலதானே இப்ப அழிஞ்சு கிடக்கு."

இழந்ததைத் திரும்ப எழுதிக்கொண்டே கிட்டைப் படித்தேன். அவன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'மாத்தினது' என்று மட்டும் குறிப்பெழுதினான். நான் விடவில்லை. எதை, ஏன் மாற்றினான் என்று எழுதும்வரை திருப்பி அனுப்பினேன். மாற்றம் வந்தவுடன் செயலியைத் தானாகவே இயக்கிச் சோதித்து, பிழையென்றால் சிவப்பும் சரியென்றால் பச்சையும் காட்டும் ஏற்பாட்டையும் செய்தேன்.

விவசாயிகளுக்குக் காட்டுவதற்கு முதல்நாள் காலை, நான் புதிதாகச் சேர்த்த ஒரு சோதனை சிவப்புக் காட்டியது. ஒரு வட்டைக்குரிய அறிவிப்பு இன்னொன்றுக்குப் போயிருந்தது.

"சோதனைய நிப்பாட்டிப்போட்டுக் காட்டுவம் மச்சாள். பிறகு பார்ப்பம்."

"தண்ணி வருதெண்டு நம்பி ஒரு மனுசன் வாய்க்கால் கரையில நிண்டா? மாட்டன்."

பிழை எந்த மாற்றத்தோடு வந்தது என்று அறிய, மாற்றங்களின் வரிசையை நடுவால் பிரித்துப் பிரித்துச் சோதித்தோம். மத்தியானத்துக்குள் அகப்பட்டது. 'தேட லேசாக இருக்க, வட்டைப் பெயர்களை அகரவரிசைக்கு மாத்தினேன்' என்ற அவனுடைய குறிப்பு அதில் இருந்தது. பெயர்கள் இடம் மாறின, அவற்றுக்குரிய வட்டை இலக்கங்கள் மாறவில்லை.

"நான் எழுதினதே என்னக் காட்டிக்குடுத்திட்டு," என்று சிரித்தான். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் விலக்கினோம். சோதனை பச்சையானது.

மறுநாள் கூட்டத்தில் ஒரு விவசாயி கைபேசியைக் கண்ணருகே பிடித்துத் தன் வட்டையின் பெயரை உரக்க வாசித்தார். "ஓம், இது எங்கடதான்," என்றார்.

திரும்பி வரும்போது பாலத்தில் மச்சான் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கினான்.

"கிட்டில கிளை பிரிச்சு, ஆளுக்காள் இடிபடாம வேல செய்யிறது எப்படியெண்டு நாளைக்குக் காட்டு," என்றான்.