தையலுக்கு விட்ட இரண்டு சென்டிமீட்டர்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தப் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் மிச்சக்கா. இருபத்திரண்டு வருஷமாகத் துணி வெட்டுகிறவள். எதை வெட்டினாலும் தையலுக்கென்று ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டுத்தான் கத்தரியை வைப்பாள். துணி வெட்டுகிற எல்லாரும்தான் விடுகிறார்கள், அதில் என்ன அதிசயம் என்பீர்கள். இவள் துணியோடு நிறுத்தவில்லையே, அதுதான் விஷயம். எட்டரை மணி பஸ்ஸுக்கு எட்டு மணிக்கே போய் நிற்பாள். வீட்டில் இருப்பது மூன்று பேர் என்றால் நாலு பேருக்குச் சமைப்பாள். வேன் ஓட்டுகிற அவள் புருஷன், “என்னையும் ஒரு சைஸ் பெருசாப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டா” என்று தன் தொந்தியைத் தட்டிக் காட்டுவார்.

அப்படிப்பட்டவள் நாற்பத்து நான்கு வயதில் கணக்குப் படிக்கக் கிளம்பினாள். அதுவும் கூட்டல் கழித்தல் இல்லை. மேல்நிலைப் பள்ளியின் உயர்கணிதம். யாரோ வரைந்து கொடுத்ததையே வெட்டி வெட்டி அவளுக்குச் சலித்துப் போயிருந்தது. ஒருநாளாவது தானே வரைந்ததை வெட்ட வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது. ஆடை வடிவமைப்பு டிப்ளமோவில் சேர உயர்கணிதத்தில் தேறியிருக்க வேண்டும், வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றிலும் மிச்சம் வைக்கிறவளுக்கு இதில் மட்டும் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வருஷம்.

சனிக்கிழமை காலை வகுப்பு. பிள்ளைகள் எல்லாம் பதினாறு, பதினேழு வயது. வாத்தியார் இவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். முதல் நாளே ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இந்த வகுப்பில் என்ன எதிர்பார்க்கலாம் என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது. முதல் மாதம் ஒன்றும் புரியாது, அதற்காக ஓடிப்போக வேண்டாம். ஒரே கணக்கோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கு நிற்க வேண்டி வரும். பத்து மதிப்பெண் கேள்வியில் விடைக்கு இரண்டு, வந்த வழிக்கு எட்டு. கேள்வியில் சொல்லாத எதையாவது நீங்களாக எடுத்துக்கொண்டால் அதை எழுதிக் காட்ட வேண்டும். இந்த வரிக்கு மட்டும் அடிக்கோடு. கடைசியாக, மாத முடிவில் ஐம்பதுக்கு ஒரு தேர்வு. இருபத்தைந்துக்குக் கீழே வாங்கினால் சாதாரணக் கணித வகுப்புக்கு மாற வேண்டும். அந்த வகுப்பை டிப்ளமோக்காரர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஒன்றும் புரியாது என்று எழுதியிருந்தது சத்தியமான வார்த்தை. கண்ணெதிரே பளிச்சென்று தெரிகிற விஷயத்தை ஒரு பக்கத்துக்கு நிரூபிக்கச் சொன்னால் கோபம் வராதா? இரண்டு பக்கம் சமமாக உள்ள முக்கோணத்தில் இரண்டு கோணமும் சமம் என்று நிரூபிக்க வேண்டும். அவள் எழுந்து, துணியை மடித்துப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை.

“நீங்க மடிச்ச துணிக்குப் பொருந்துது அக்கா. மடிக்காத துணிக்கும் பொருந்தும்னு எப்படிச் சொல்லுவீங்க?”

அந்தக் கேள்வி அவளோடு பட்டறைக்கே வந்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் வெட்டுமேசை மேலேயே நோட்டை விரித்துக்கொண்டாள். மூன்றாம் வாரம் வளைகோட்டின் சரிவு வந்தது. கோடு வளைய வளைய, ஒவ்வொரு இடத்திலும் அதன் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த இடத்துச் சாய்வைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் பேந்தப் பேந்த முழித்தார்கள். இவளுக்கோ, அட, சட்டையில் கையைப் பொருத்துகிற கைக்குழி வளைவுதானே என்று பட்டது. கத்தரியை அங்கே நொடிக்கு நொடி திருப்பித்தானே இத்தனை வருஷமும் வெட்டினாள்! பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணுக்கு அவளே தாளை வெட்டிக் காட்டினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கேயாவது பரிசு விழுந்ததா என்று புருஷன் கேட்டார்.

தேர்வு வந்தது. ஐந்து கேள்வி. மூன்றில் பாதி பாதிதான் எழுத முடிந்தது, ஒன்றில் சுத்தமாக வழி தவறிவிட்டாள். ஐந்தாவதைப் பார்த்ததும் உயிர் வந்தது. 120 சென்டிமீட்டர் நாடாவை ஒரு செவ்வகத் துணியின் ஓரம் முழுக்கச் சுற்றித் தைக்க வேண்டும்; துணியின் பரப்பு மிக அதிகமாக இருக்க அளவு என்ன? கடகடவென்று எழுதினாள். சதுரம்தான், பக்கம் 29.5. தன் வேலையைப் பற்றித் தன்னிடமே கேட்டுவிட்டார்களே என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை தாள் கைக்கு வந்தது. இருபத்து நான்கு.

ஐந்தாவது கேள்வியில் வழிக்கு எட்டு, விடைக்குச் சுழி. முதல் வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்: ‘120 எப்படி 118 ஆனது?’ எப்படி ஆனதா? நாடாவின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்க வேண்டாமா? முனைக்கு ஒரு சென்டிமீட்டர் விடாமல் எந்த மடையன் நாடாவைச் சுற்றுவான்? ஒரு மதிப்பெண்ணில் ஒரு வருஷம் போகிறதே என்று கண்ணில் நீர் முட்டியது. வகுப்பு கலையும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு மேசைக்குப் போய் இதைச் சொன்னாள்.

வாத்தியார் பொறுமையாகக் கேட்டார். நியாயம்தான் என்றும் ஒத்துக்கொண்டார். பிறகு முதல் நாள் தாளை எடுத்து, அடிக்கோடிட்ட வரியைக் காட்டினார்.

“தையலுக்கு விட்டது தப்பில்லக்கா. விட்டேன்னு எழுதணும்ல?”

“எழுதியிருக்கேன் சார்.”

அவள் விரல் வைத்த இடத்தில், 118 என்ற எண்ணின் தலைமேல், சாய்வாக இரண்டு சின்னக் கோடுகள். பட்டறையில் ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் போடுகிற குறி அது. இரண்டு கோடு இருந்தால் தையலுக்கு விட்டாயிற்று என்று அர்த்தம். அங்கே நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரியும். பேனா சறுக்கியது என்று வாத்தியார் நினைத்திருந்தார். அவள் நோட்டை வாங்கிப் புரட்டினார். இணைப்பு வருகிற படங்களில் எல்லாம் அந்த இரண்டு கோடு இருந்தது. வராத படம் ஒன்றில்கூட இல்லை.

நோட்டை மூடிவிட்டு, மறுபடி விடைத்தாளை எடுத்தார். அவள் கெஞ்சவில்லை. கெஞ்சி மதிப்பெண் வாங்கிக்கொண்டு வரையப் போகிற முதல் சட்டை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அவளுக்கே தெரியும்.

“உங்க பட்டறைக்கு வராத ஆளும் படிச்சாப் புரியணும். அதுக்குத்தான் இந்த வகுப்பே” என்றார் வாத்தியார். “எழுதினதுக்கு ஒரு மார்க் தரேன். எனக்குப் புரியாத மாதிரி எழுதினதுக்கு ஒரு மார்க் தரமாட்டேன்.”

சுழியை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். கூட்டலையும் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அவள் அங்கேயே நின்று, அந்த இரண்டு கோட்டுக்குப் பக்கத்தில் ‘இணைப்புக்கு 2 செ.மீ. விட்டது’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டாள். எழுத நாலு விநாடிகூட ஆகவில்லை.

வாசலில் புருஷன் வேனோடு காத்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

“எவ்வளவு?”

“இருபத்தஞ்சு.”

“எவ்வளவு வேணும்?”

“இருபத்தஞ்சு.”

அவர் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்னம்மா இது, தையலுக்கு ஒண்ணுமே விடலையா?”

“விட்டேங்க. அதை வச்சுத்தான் தேறினேன்” என்று சொல்லிவிட்டு, மிச்சக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.